கிரீன்லாந்து முறைக் கயாக்கும் துடுப்புச் செதுக்கலும்: திருகோணமலையில் இருப்பவர் யாரிடம் கற்பது?

உப்புவெளிப் படகோட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உப்புவெளிக் கடற்கரையில் ஆறு ஆண்டுகளாகச் சுற்றுலாப் பயணிகளைக் கயாக்கில் அழைத்துச் செல்லும் வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருப்பவை மேலே அமர்ந்து செலுத்தும் பிளாஸ்டிக் கயாக்குகள். துடுப்புகளோ அலுமினியத் தண்டில் அகன்ற பிளாஸ்டிக் அலகு பொருத்தியவை. சென்ற ஆண்டு ஆனி மாதம் வந்த வெளிநாட்டவர் ஒருவர், இரண்டு துண்டாகப் பையில் வைத்திருந்த மரத்துடுப்பொன்றை எடுத்துப் பொருத்தினார். அதன் அலகு என் உள்ளங்கை அகலத்தைவிடப் பெரிதாக இல்லை. இந்தக் குச்சி படகை எப்படி நகர்த்தும் என்று எண்ணிக்கொண்டே வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தபோது, வழக்கமாக மாலையில் வலிக்கும் என் வலது தோள் வலிக்கவில்லை. அது கிரீன்லாந்து மக்களின் துடுப்பு என்றும், அவர்களுடைய படகும் அதைச் செலுத்தும் முறையும் தனி என்றும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அதன் பின்னர் இணையவழியில் கற்பிக்கும் ஒருவரிடம் பணம் செலுத்திச் சேர்ந்தேன். அவர் அனுப்பிய காணொளிகளில் பெரும்பாலானவை அவரே விதவிதமாகக் கவிழ்ந்து புரண்டெழும் காட்சிகள். என் உயரத்தையோ, நான் எவ்வகைப் படகில் ஏறுகிறேன் என்பதையோ அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. துடுப்பை நானே செதுக்க விரும்புகிறேன் என்று எழுதியபோது, தம்மிடம் விற்பனைக்கு இருப்பதாக விலைப்பட்டியல் வந்தது.

ஆகவே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். இம்முறையைக் கற்பிக்கும் நல்ல ஆசிரியரை எதைக்கொண்டு இனங்காண்பது? முதலில் துடுப்பைச் செய்யக் கற்க வேண்டுமா, அல்லது படகைச் செலுத்தவா? இங்கே கிடைக்கும் மரங்களில் எது பொருந்தும்?

கொட்டியாரம் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் திருகோணமலையில் பிறந்து டென்மார்க்கில் வாழ்பவன். இங்குள்ள கயாக் சங்கமொன்றில் ஒன்பது ஆண்டுகளாக இம்முறையைப் பயில்கிறேன். கடந்த மூன்று குளிர்காலங்களாகத் துடுப்புச் செதுக்கும் வகுப்பில் உதவியும் செய்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. எனக்குக் கற்பித்தவர் முதல் நாள் என்னைத் தண்ணீருக்கு அழைத்துச் செல்லவில்லை. சுவரோடு நிற்கவைத்து இரு கைகளையும் விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை நூலால் அளந்தார். அதனுடன் முழங்கையிலிருந்து விரல்நுனிவரையுள்ள ஒரு முழத்தைக் கூட்டினார். அதுதான் என் துடுப்பின் நீளம். அலகின் உச்ச அகலம், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே அதைக் கவ்விப் பிடிக்க முடிகிற அளவு, அதாவது பெரும்பாலானோருக்கு 8 முதல் 9 சென்ரிமீற்றர்வரை. நடுவில் உள்ள கைப்பிடித் தண்டின் நீளமும் உடலின் அகலத்திலிருந்தே வரும், பொதுவாக 45 முதல் 55 சென்ரிமீற்றர். படகும் அவ்வாறே. பழைய கணக்கில் அதன் நீளம் ஏறத்தாழ மூன்று பாகம், அதாவது விரித்த கைகளின் மூன்று மடங்கு. சாணும் முழமும் பாகமுமாக அளந்த நம் முன்னோருக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது.

இம்முறையில் துடுப்பும் படகும் அதைச் செலுத்துபவனின் உடலிலிருந்து பிறக்கின்றன. ஆகவே உங்களை அளக்காமல் கற்பிக்கத் தொடங்குபவர் கிரீன்லாந்து முறையின் வெளித்தோற்றத்தை மட்டுமே கற்பிக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. செதுக்குவதும் செலுத்துவதும் இரண்டு வித்தைகள் அல்ல. ஒன்றைக் கற்பிப்பவருக்கு மற்றதும் தெரிந்திருக்க வேண்டும். தம் கையால் ஒரு துடுப்பையேனும் செதுக்காதவருக்கு, உங்கள் துடுப்பு நீருக்குள் ஏன் நடுங்குகிறது என்பது விளங்காது. அந்த நடுக்கத்துக்குக் காரணம் அலகின் ஓரம் ஒழுங்கில்லாமல் இருப்பதாகவும் இருக்கலாம், நீங்கள் அலகைச் செங்குத்தாகப் பிடித்து இழுப்பதாகவும் இருக்கலாம். இந்தத் துடுப்பை இழுக்கும்போது அலகின் மேல்விளிம்பு சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது அலகு ஓசையின்றி நீருக்குள் இறங்கி நடுங்காமல் வரும். இழுவை கையிலிருந்து அல்ல, உடலைத் திருப்புவதிலிருந்து வரவேண்டும். உங்கள் தோள் அன்று வலிக்காததற்கு ஒரு காரணம், ஒடுங்கிய அலகு இழுப்பின் தொடக்கத்தில் தோளுக்குத் திடீர்ப் பாரத்தைக் கொடுக்காதது.

இனி, புரண்டெழுதல் பற்றி, அதாவது கவிழ்ந்த பின் படகைவிட்டு வெளியேறாமலே நிமிர்வது பற்றி. கிரீன்லாந்தின் தேசியப் போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட வகையான புரண்டெழுதல்கள் உள்ளன. துடுப்பால் எழுவது, எறியீட்டியை வீச உதவும் நோர்சாக் என்னும் சிறு கோலால் எழுவது, வெறுங்கையால் எழுவது என அவை கடினமாகிக்கொண்டே போகும். அவற்றைப் பார்ப்பவர்கள் வித்தை என்று நினைக்கிறார்கள். ஆனால் அவை வேட்டைக்காரன் உயிர்பிழைக்கக் கற்றவை. உறைகுளிரான நீரில் படகைவிட்டு வெளியே விழுந்தால் சில நிமிடங்களில் உடல் செயலிழக்கும். எறியீட்டியின் கயிற்றில் கை சிக்கிக்கொண்டோ, துடுப்பு கைநழுவியோ, ஈட்டி பட்ட கடல்நாய் (சீல்) இழுத்தோ கவிழ்ந்தால் எப்படி எழுவது என்று ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு வழி இருந்தது. நல்ல ஆசிரியர் இந்தக் காரணங்களையும் சேர்த்தே சொல்வார். அவருடைய வரிசையும் வேறாக இருக்கும். முதலில் கவிழ்ந்த படகிலிருந்து பதறாமல் வெளியேறுவது. பிறகு படகைப் பக்கவாட்டில் சாய்த்து, துடுப்பால் நீரை வருடிக்கொண்டே முதுகை நீர்மட்டத்தில் மிதக்கவிடுவது. அங்கே உடல் அச்சமின்றி இளகிய பின்னரே முழுமையாகக் கவிழ்ந்து எழுவது. எனக்கு அந்த இரண்டாவது படியிலேயே ஐந்து வாரங்கள் கழிந்தன. என் ஆசிரியர் ஒருநாள்கூட அவசரப்படுத்தவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள்: அவர் யாரிடம் கற்றார்? இது கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இனுவிட் மக்களின் அறிவு. இருபதாம் நூற்றாண்டில் வேட்டை குறைந்து மோட்டார்ப் படகுகள் வந்தபோது, கயாக் கட்டவும் செலுத்தவும் தெரிந்தவர்கள் கிரீன்லாந்திலேயே அருகினர். 1980களில் அங்கே இளைஞர்கள் கூடிச் சங்கங்கள் அமைத்து முதியவர்களிடம் கற்று அதை மீட்டனர். அந்தச் சங்கங்களின் ஒன்றியமே கானாட் கட்டுஃபியட். கிரீன்லாந்தைச் சேர்ந்த மலிகியாக் பதில்லா 1998இல் தமது 16ஆம் வயதில் தேசியப் போட்டியை வென்றவர். பின்னர் வெளிநாடுகளுக்குச் சென்று பலருக்குக் கற்பித்தார். அமெரிக்காவில் கஜாக் யூஎஸ்ஏ அமைப்பின் முகாம்களில் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வ வழிகாட்டிகள். தாம் கற்ற வழியை மறைக்காமல் சொல்கிறவர்கள் இந்த மரபில் அனேகர் உண்டு. சொல்லத் தயங்குபவரிடம் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

தம்பலகாமத் தச்சன் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் கயாக்கில் ஏறியவன் அல்லன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தச்சுவேலை செய்கிறேன், வள்ளங்களுக்குத் தண்டும் துடுப்பும் செய்து கொடுத்திருக்கிறேன். மேலே ஐயா சொன்ன அளவுகளைப் படித்துவிட்டு மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வள்ளத்தின் தண்டு, அதாவது வலிக்கும் நீண்ட துடுப்பு, படகின் விளிம்பில் தாங்கி நிற்பதால் அதன் பாரத்தைப் படகே சுமக்கிறது. அங்கே பாரமான மரம் குற்றமில்லை. நீங்கள் கேட்கும் துடுப்பை நாள் முழுவதும் இரண்டு கைகளுமே சுமக்கின்றன. ஆகையால் முதிரையையும் பாலையையும் மறந்துவிடுங்கள். தேக்கும் வேண்டாம். வெளிநாடுகளில் இதற்கு அதிகம் பயன்படும் சிவப்பு சீடர் மரம் கன மீற்றருக்கு ஏறக்குறைய 370 கிலோகிராம். நம் தேக்கு 650 அளவில் வரும். நம்மிடம் உள்ளவற்றில் நான் தேர்வது லுணுமிதெல்ல எனப்படும் மலைவேம்பு. தென்பகுதி மீனவர்கள் ஓருப் படகின் பக்க மிதவைக்கு இந்த மரத்தைத்தான் எடுப்பார்கள், இலேசாகவும் நன்றாக மிதப்பதாகவும் இருப்பதால். அடுத்ததாக, மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வரும் பைன் பலகை. அதில் கணு அதிகம் என்பதால் பத்துப் பலகையைப் புரட்டி ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும்.

மரக்காலையில் 8 அடி நீளத்தில் நாலுக்கு இரண்டு அங்குலப் பலகை கேளுங்கள். கணு இல்லாதிருப்பது மட்டும் போதாது, நார் பலகையின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். பலகையின் முனையில் ஒரு சிறு சிம்பை உளியால் பிளந்து பாருங்கள். பிளவு பலகையின் விளிம்போடு இணையாகச் சென்றால் நல்லது. குறுக்கே ஓடி வெளியேறினால், எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். பச்சை மரமாக இருந்தால் நிழலில் காற்றோட்டமாக வைத்துக் காயவிடுங்கள்.

செதுக்கும்போது நான்கு பக்கத்திலும் நடுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை அந்தக் கோடுகளை அழிக்கக் கூடாது. சீவுளி அழித்தால் உடனே திரும்பப் போடுங்கள். முதலில் முன்தோற்றத்தின் உருவை அறுத்து, பிறகு பக்கத் தோற்றத்தில் நுனியை நோக்கித் தடிப்பைக் குறையுங்கள். கைப்பிடித் தண்டை நான்கு முகத்திலிருந்து எட்டு முகம், எட்டிலிருந்து பதினாறு என்று சீவி வந்தால் நீள்வட்டம் தானாக வரும். அலகின் ஓரத்தைக் கத்திபோல மெல்லியதாக்கிவிட வேண்டாம், ஏறத்தாழ கால் அங்குலம் விட்டு உருட்டுங்கள். முழுவதையும் ஒரே நாளில் முடிக்காமல், சற்றுத் தடிப்பாக இருக்கும்போதே கடலுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து, கை உறுத்தும் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து மறுபடியும் சீவுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

மலைவேம்பு மென்மையானது, கற்பாரில் முட்டினால் நுனி நசுங்கும். கிரீன்லாந்தில் கரையொதுங்கிய மரத்தில் துடுப்புச் செய்து நுனியில் எலும்பு பதித்தார்கள் என்று படித்தேன். நமக்கு எலும்பு தேவையில்லை, முதிரைத் துண்டொன்றை எபொக்சி பசையால் நுனியில் ஒட்டி இழைத்துவிடலாம். மேற்பூச்சுக்கு வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய் நல்லது, கை வழுக்காது, கொப்பளமும் குறைவு. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது, நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். விரித்துக் காயவிட்டுப் பிறகு அகற்றுங்கள்.

குச்சவெளிக் கரை எழுதியது:

தம்பி, நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவள், பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கிறேன். ஆசிரியர் பற்றிய கேள்வியில் ஒரு விடயம் விடுபட்டிருக்கிறது. குளிர்நாட்டில் கற்றவர் நம் கடலில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அறிந்திருக்கமாட்டார். இங்கே நீர் வெதுவெதுப்பானது, குளிரால் யாரும் சாகமாட்டார்கள். வைகாசி முதல் ஆவணி வரை கடல் கண்ணாடிபோலத் தெரிகிற நாட்களிலேயே கச்சான் காற்று மேற்கிலிருந்து எழுந்து, கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கரையருகே அலை இல்லாததால் காற்றின் பலம் தெரியாது. இலேசான படகும் ஒடுங்கிய துடுப்புமாக ஒருவர் புறாத்தீவுப் பக்கம் விலகிவிட்டால் திரும்பிவருவது பெரும்பாடு. வெளியிலிருந்து யாரை அழைத்தாலும் முதல் நாள் கடலை அவருக்கு நீங்கள் கற்பியுங்கள். விடியற்காலையில் தொடங்கி, கச்சான் எழுமுன் கரையேறிவிடுங்கள். புரண்டெழுதலை உள்துறைமுகப் பக்கம் ஒதுக்கான ஆழமற்ற நீரில், கடற்படை எல்லைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்து முறையில் உடலையும் தலையையும் மூடி, முகத்தைச் சுற்றி இறுகப் பொருந்தும் துயிலிக் என்னும் தடித்த அங்கியை அணிகிறார்கள். நம் வெயிலில் அதை அணிந்தால் மயக்கம்தான் வரும். உயிர்காப்பு அங்கியைமட்டும் எவர் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

உப்புவெளிப் படகோட்டி எழுதியது:

கொட்டியாரம் ஐயாவுக்கும், தச்சு ஐயாவுக்கும், அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மனைவியைக்கொண்டு அளந்து பார்த்தேன். விரித்த கை 172 சென்ரிமீற்றர், முழம் 46, ஆக 218. இணையவழி ஆசிரியருக்குக் கட்ட வேண்டியிருந்த அடுத்த தவணையை நிறுத்திவிட்டேன், அந்தப் பணத்தில் பலகை வாங்கப்போகிறேன். என் பிளாஸ்டிக் படகு 75 சென்ரிமீற்றர் அகலம். உடலளவில் செய்த துடுப்பு அதற்கு எட்டுமா, அல்லது படகுக்காக நீளத்தைக் கூட்ட வேண்டுமா?

கொட்டியாரம் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. அந்த முழக்கணக்கு 50 சென்ரிமீற்றர் அளவிலான ஒடுங்கிய படகுக்கு உரியது. உங்கள் படகில் 218 சற்றுக் குறைவாகவே இருக்கும், விரல்கள் படகின் விளிம்பில் உரசும். 230இல் வெட்டுங்கள். கைப்பிடித் தண்டையும் 60 அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒடுங்கிய படகு கிடைக்கும்போது இரண்டு நுனியிலும் 6 சென்ரிமீற்றர் வீதம் அறுத்தால் 218 ஆகிவிடும். ஆகவே முதிரை நுனியை இப்போது ஒட்ட வேண்டாம். தை மாதம் நான் ஊருக்கு வருகிறேன். அப்போது வாடைக்காற்றுக் காலம் என்பதால் வெளிக்கடல் ஆகாது. உள்துறைமுகத்தில் ஒதுக்கான இடமொன்றை அக்கா காட்டினால், பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும் அந்த இரண்டாவது படியைச் சேர்ந்தே பழகலாம். அதற்கு உள்ளே அமரும் படகு ஒன்று வேண்டும், அதை நான் கொழும்பில் விசாரிக்கிறேன்.

குச்சவெளிக் கரை எழுதியது:

இடம் காட்டுகிறேன். என் மாணவிகள் இருவரும் வருவார்கள், அவர்களையும் அளக்க நூல் கொண்டுவாருங்கள்.