ஃப்ரீஃப்ளை: ஆளுக்கொரு பாணி சொல்கிறார்கள், நான் எதைப் பழகுவது?

செம்பனைக்காரன், சிகாமட்

வணக்கம். சிகாமட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஸ்கைடைவிங் லைசென்ஸ் எடுத்தாயிற்று, வயிறு கீழே பார்க்கப் பறப்பது கைவந்துவிட்டது. இப்போது ஃப்ரீஃப்ளை, அதாவது காற்றில் உட்கார்ந்தும் நின்றும் தலைகீழாகவும் பறப்பது, பழகுகிறேன். ஓவர்டைம் காசு சேர்ந்தால் பஸ் ஏறி சிங்கப்பூர் செந்தோசா டனலுக்குப் போய்விடுவேன்; கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் கூண்டு அது. வானத்திலிருந்து குதிக்கத் தாய்லாந்து.

டனலில் கோச் சொல்லித்தருவது முழுக்க டைனமிக். தலையைக் கீழே போடு, மேலே எடு, சுவரை ஒட்டி வளைந்து சுற்று, முன்னால் போகிறவரின் கோட்டை விடாதே. தாய்லாந்து போனால், அரிசோனாவில் பழகிய ஒருவர், "சுற்றுவதை விடு, என் எதிரில் உட்கார், அசையாமல் நில், கையைக் கொடு" என்கிறார். அதே விமானத்தில் வந்த இத்தாலிக்காரர், "நேராக விழுந்துகொண்டே இருந்தால் என்ன சுகம், என்னோடு சாய்ந்து வா" என்று கூப்பிடுகிறார். மூவருமே அருமையாகப் பறப்பவர்கள். ஆனால் அடிப்படை என்று மூவரும் மூன்று விஷயத்தைச் சொல்கிறார்கள்.

இன்னொன்று: அரிசோனாக்காரர் எதிரில் உட்கார்ந்து பறந்தால் நான் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறேன். அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போகிறது. டனலில் இப்படி ஆவதில்லை. என் சம்பளத்துக்கு மூன்று பாணிக்கும் காசு கட்ட முடியாது. எதில் போடுவது?

ரவாங் அக்கா

தம்பி, மூவர் சொல்வதும் சரிதான். அவரவர் பழகிய ஊர் அப்படி. நான் வேலை நிமித்தம் ஸ்பெயினில் இருந்தபோது எம்பூரியாபிராவா என்ற ஸ்கைடைவிங் ஊரில் பறந்தவள், ஐரோப்பியப் பாணி மேல் எனக்கு ஆசை அதிகம். அதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

1990களில் ஓலாவ் சிப்சரும் அவர் கூட்டாளிகளும் ஃப்ரீஃப்ளையைப் பரப்பியபோது நாட்டுக்கொரு பாணியெல்லாம் கிடையாது. உட்கார்ந்து, நின்று, தலைகீழாக, எப்படியும் பறக்கலாம் என்பதே பெரிய புதுமை. அப்புறம் அந்தந்த ஊரில் என்ன வசதி இருந்ததோ, அது அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அரிசோனாவின் ஈலாயில் வருடம் முழுக்க வெயில், பெரிய விமானங்கள், குதிக்க ஆள் பஞ்சமே இல்லை. அங்கே கூட்டமாகச் சேர்ந்து பிடிப்பதில் ருசி வந்துவிட்டது. 2015இல் இல்லினாய் மாநிலத்தில் 164 பேர் தலைகீழாகப் பறந்தபடி ஒரே வடிவத்தில் கைகோத்தார்கள். அதில் ஒருவர் ஒரு முழம் நகர்ந்தாலும் பக்கத்து ஆளும் சேர்ந்து இழுபடுவார். நான்கு பேர் செங்குத்தாகப் பறந்து 35 விநாடிக்குள் எத்தனை வடிவம் பிடிக்கிறார்கள் என்று பார்க்கும் விஎஃப்எஸ் போட்டியும் அதே ருசிதான். அரிசோனாக்காரர் "அசையாமல் நில்" என்பது இங்கிருந்து வருகிறது.

ஐரோப்பாவில், குறிப்பாக வடக்கே, குளிர்காலத்தில் குதிப்பு படுத்துவிடும். ஆட்கள் டனலுக்குள் போனார்கள். வட்டச் சுவருக்குள் இடம் கொஞ்சம்தான், அதனால் சுற்றுவதும் வளைவதும் வளர்ந்தன. முதல் உலக உள்ளரங்கப் போட்டி 2015இல் பிராகில் நடந்ததில் ஆச்சரியமே இல்லை. இத்தாலிக்காரர் கூப்பிடுவது வேறு கிளை. அங்கே மார்கோ டியெட்ஸி வளர்த்த அட்மோனாட்டி என்ற பாணியில் சாய்வாக, முன்னோக்கிப் போய்க்கொண்டே பறப்பார்கள். மேகத்தின் ஓரமாக அப்படிப் போவதைப் போல ஓர் ஆனந்தம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

நம் பக்கத்தில் நமக்குக் கிட்ட இருப்பது டனல். செந்தோசாவில் பழகிய கைரா போ 2017இல் எம்பூரியாபிராவாவில் நடந்த விண்ட் கேம்ஸ் டனல் போட்டியில் தங்கம் வென்றார். ஆகவே நம் பிள்ளைகள் வானத்துக்கு வரும்போதே டனல் கையோடு வருகிறார்கள். நீயும் அப்படித்தான்.

இப்போது உன் பின்நகர்வுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். உட்கார்ந்து பறக்கும்போது கீழே தரையைப் பார்க்கிறாய், இல்லையா? பார்த்தவுடன் நெஞ்சு முன்னால் கவிழும், குதிகால் தொடைக்கு அடியில் மடங்கும். கீழிருந்து வரும் காற்று உன் நெஞ்சிலும் முழங்கால் முன்பக்கத்திலும் பட்டு உன்னைப் பின்னால் தள்ளும். முதுகை நிமிர்த்து, பாதத்தைச் சற்று முன்னால் நீட்டி உள்ளங்காலால் காற்றை மிதி, கண் எதிராளியின் முகத்தில் இருக்கட்டும். டனலிலும் நீ பின்னால்தான் போயிருப்பாய். அங்கே சுவர் தாங்கிக்கொள்கிறது, சுற்றிக்கொண்டே இருப்பதால் தெரிவதும் இல்லை. வானத்தில் சுவர் கிடையாது.

அதனால், என் ஆசை ஐரோப்பாப் பக்கம் இருந்தாலும் சொல்கிறேன்: முதல் காசை அரிசோனாக்காரரிடம் போடு. டனல் கோச்சிடமும் சுற்றுவதை நிறுத்திவைத்து, நடுவில் ஒரே இடத்தில் உட்கார்ந்து நிற்கப் பயிற்சி கேள்.

லாபிஸ் அண்ணன்

நான் பாராசூட் மடிப்பவன், பாணி பற்றிப் பேசமாட்டேன். இத்தாலிக்காரர் கூப்பிடுகிறார் என்று உடனே போய்விடாதே தம்பி. சாய்ந்து பறக்கிறவர்கள் விமானம் போகும் கோட்டிலேயே போனால் அடுத்த குழுவின் அடியிலோ தலைக்கு மேலோ வந்துவிடுவார்கள். எந்தத் திசை, யார் முதலில் குதிப்பது என்பதைத் தரையிலேயே பேசி முடிக்க வேண்டும்.

அப்புறம் உன் ரிக், அதாவது முதுகில் மாட்டும் பாராசூட் பை. வயிற்றுப் பறப்பு மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் என்றால் தலைகீழ் 250ஐத் தாண்டும். அந்த வேகத்தில் பாராசூட் தானாக விரிந்தால் கழுத்தும் முதுகும் தாங்காது. பையைப் பூட்டி வைக்கும் ஊசியை (பின்) மூடுகிற மடிப்பு தளர்ந்திருக்கிறதா, கால் பட்டைகளை இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் கயிறு இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு ஏறு. வாடகை ரிக் என்றால் இரண்டு தடவை காட்டு.

செம்பனைக்காரன், சிகாமட்

அக்கா, தரையைப் பார்ப்பது உண்மைதான். உயரமானி கையில் இருப்பதால் அதையும் குனிந்தே பார்க்கிறேன். எதிரில் ஆள் இல்லாமல் தனியாகக் குதிக்கும்போது பின்னால் போகிறேனா என்று எப்படித் தெரியும்?

ரவாங் அக்கா

தனியாக இருந்தால் தெரியாது என்றே வைத்துக்கொள். அதனால் தனியாகக் குதிக்கும்போது விமானம் போகும் கோட்டுக்குக் குறுக்காகத் திரும்பி உட்கார். அப்போது பின்னால் நழுவினாலும் பக்கவாட்டில் போவாய், அடுத்தவர் மேல் போகமாட்டாய். கையைக் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து உயரமானியைப் பார், தலை குனிய வேண்டாம். குறித்த உயரம் வந்ததும் ஹெல்மெட்டுக்குள் பீப் அடிக்கிற ஆடிபிள் ஒன்றும் வாங்கு. அசையாமல் எதிரில் நிற்கும் ஓர் ஆளோடு இரண்டு பேராகக் குதித்து, கேமராவில் உன்னைப் பக்கவாட்டில் எடுக்கச் சொல். முதுகு, குதிகால் இரண்டும் தெரிகிற மாதிரி எடுத்து இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.