நிகழ்ச்சிக்கு வந்து நன்கொடை கொடுத்தவர்களைத் தக்கவைப்பது எப்படி?

கேள்வி:
எங்களுடையது சின்னத் தொண்டு நிறுவனம். வருடா வருடம் நிதி திரட்ட விருந்து நடத்துகிறோம், அரங்கம் நிறைகிறது, பணமும் வருகிறது, ஆனால் போன முறை கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட மறுபடி கொடுப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதல்முறை கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் அடுத்த ஆண்டு வருவதில்லை, இது எங்கும் உள்ளதுதான். அதிலும் விருந்துக்கு வரும் பலர் நண்பர் கூப்பிட்டதற்காக வந்தவர்கள், உங்கள் வேலை என்னவென்றே அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் ஓரிரு நாளுக்குள் போன் செய்யுங்கள். ரசீதோடு போகும் பொது மின்னஞ்சலை யாரும் நன்றியாக எடுத்துக்கொள்வதில்லை. நன்றி சொல்லிவிட்டு, "எதனால் வந்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், அப்புறம் அவர்களைப் பேச விடுங்கள். உதாரணமாக, நீங்கள் நோயாளிகளுக்கு உதவுபவர்கள் என்றால், "என் அம்மாவுக்கும் இதே நோய்தான்" என்று ஒருவர் சொன்னால் அன்றே அவர் பெயருக்கு நேராகக் குறித்து வையுங்கள், அடுத்த வருடம் பேசப்போவது வேறு ஆளாக இருக்கலாம்.

பதில் 2:
ரொம்பச் சரி. அடுத்து பணம் கேட்பதற்கு முன், கொடுத்த பணம் என்ன ஆனது என்று ஒரு முறையாவது சொல்லிவிடுங்கள், நாலு வரி போதும். உதவி பெறுபவர்களை மேடையேற்றி அழவைத்து வசூலிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், அது அவர்களை அவமதிப்பது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எல்லோருக்கும் போன் செய்ய எங்களிடம் ஆள் இல்லையே?

பதில் 1:
நிர்வாகக் குழுவினர் ஆளுக்குப் பத்துப் பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கொடுத்தவர்களிடம் முதலில் பேசுங்கள், பெரிய தொகை கொடுத்தவர்களிடம் மட்டும் பேசிவிட்டு நிறுத்தாதீர்கள்.