கர்ப்பப்பையே இல்லை, குடலில் எப்படி கர்ப்பப்பை வகைப் புற்று?

காவேரிப்பட்டணத்தான்:
அக்காவுக்கு 47 வயது. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்வரி போன்ற திசு வெளியே வளரும் நோய்) என்று 8 வருடம் முன்பே கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுத்தாகிவிட்டது, அதிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் போட்டு வந்தாள். மூன்று மாதமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து, அப்புறம் கிருஷ்ணகிரியில் கொலனோஸ்கோபி, பயாப்சி. லேப் குடல் புற்று என்கிறது. அதே ஸ்லைடைப் பார்த்த பெங்களூரு டாக்டர் எண்டோமெட்ரியாய்டு, அதாவது கர்ப்பப்பை உள்வரிப் புற்று வகை மாதிரி இருக்கிறதே என்கிறார். யாரை நம்புவது?

பழைய லேப்காரன், தர்மபுரி:
நான் டாக்டர் இல்லை தம்பி, திசுப் பரிசோதனை லேபில் இருந்தவன். கர்ப்பப்பையை எடுத்தாலும் குடல் சுவரில் முன்பே ஒட்டிய எண்டோமெட்ரியோசிஸ் அங்கேயே தங்கிவிடலாம், ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து போனால் அதற்குத் தீனி. அது புற்றாவது அபூர்வம், அப்படி ஆனாலும் அதிகம் சினைப்பையில்தான். வெளியே என்றால் மலக்குடல் பக்கம், சிசேரியன் தழும்பு இப்படி. மைக்ராஸ்கோப்பில் குடல் புற்றும் இதுவும் சுரப்பி சுரப்பியாக ஒன்று போலவே தெரியும், அதனால் முதல் லேபைத் திட்ட வேண்டாம். ஐஹெச்சி (செல்லிலுள்ள புரதங்களைச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) போடச் சொல்லுங்கள். குடல் புற்று என்றால் பெரும்பாலும் சிகே20, சிடிஎக்ஸ்2 என்ற புரதங்களில் சாயம் ஏறும். எண்டோமெட்ரியாய்டு வகைக்கு சிகே7, பேக்ஸ்8, ஈஆர். ஒரே சாயத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது, சிடிஎக்ஸ்2 சில நேரம் இதிலும் ஏறி ஏமாற்றும்.

சாம்ப்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1925-லேயே வைத்த கணக்கு ஒன்று உண்டு: அதே இடத்தில் சாதாரண எண்டோமெட்ரியோசிஸும் இருக்க வேண்டும், புற்று கர்ப்பப்பை உள்வரித் திசு சாயலில் இருக்க வேண்டும், வேறெங்கிருந்தும் பரவியதாக இருக்கக் கூடாது. பயாப்சி பிட்டு சின்னது, அதில் இதெல்லாம் சிக்காமல் போகலாம். ஆபரேஷனில் எடுக்கும் முழுத் துண்டில்தான் பல நேரம் தெரியும். திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். 8 வருடம் முந்திய பிளாக்கும் வேண்டும், அப்போதே கர்ப்பப்பையில் ஏதாவது ஒளிந்திருந்ததா என்று பார்க்க.

பாலக்கோடு மருமகள்:
என் மாமியாருக்கு சிஏ-125 (புற்றுக்காக ரத்தத்தில் பார்க்கும் ஒரு அளவு) கூடியிருக்கிறது என்று வீடே அழுதது, கடைசியில் வெறும் எண்டோமெட்ரியோசிஸ். அந்த ஒரு நம்பரைப் பிடித்துக்கொண்டு பயப்படாதீர்கள் அண்ணா. கீமோ மருந்து இந்த இரண்டு வகைப் புற்றுக்கும் வேறு வேறு, பெயர் முடிவாகாமல் ஆரம்பிக்க விடாதீர்கள். எம்ஆர்ஐ எடுத்தாச்சா?

காவேரிப்பட்டணத்தான்:
எம்ஆர்ஐ திங்கள்கிழமை. பழைய பிளாக்கைத் தேடிச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ரேஷன் கார்டு டப்பாவில் அப்போதைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தது, 'மலக்குடலில் ஒட்டியிருந்த பகுதி எடுக்கப்படவில்லை' என்று ஒரு வரி. இத்தனை வருடம் யாரும் படிக்கவே இல்லை.