‘சிட்’ என்றால் உட்காருவது மட்டுமா? கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம். மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஆறேழு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ‘சிட்’ (sit) என்ற சின்னச் சொல்லில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

தேர்வுக்கு ‘சிட்’ பண்ணுவது புரிந்துவிட்டது. நம் ஊர்ப் பத்திரிகைகளே எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கு ‘அமர்ந்த’ மாணவர்கள் என்றுதானே எழுதுகின்றன! நாடாளுமன்றம் ‘சிட்’ என்றால் கூடுகிறது, கோழி முட்டைமேல் ‘சிட்’ என்றால் அடைகாக்கிறது, அதிகாரி ஃபைல்மேல் ‘சிட்’ என்றால் கிடப்பில் போட்டுவிட்டார். வேலிமேல் ‘சிட்’ செய்பவருக்கு நம் மதில்மேல் பூனை இருக்கிறது.

குன்றின்மேல் வீடு ‘சிட்’ என்று வந்தபோதுதான் ஒரு பையன், “டீச்சர், வீடு எப்படி உட்காரும்?” என்றான். மலாய் மொழியில் ‘டுடோக்’ என்றால் உட்காருவது, ஆனால் ‘டுடோக் மானா’ என்றால் எங்கே குடியிருக்கிறாய் என்றும் பொருள் வருமே என்று சமாளித்தேன். அப்புறம்தான் உறைத்தது, நம் ‘இரு’வும் அப்படித்தான். உட்காரும் இடத்துக்கு இருக்கை என்கிறோம், குடியிருப்பதும் அதே சொல்தான். எவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்!

இப்போது சிக்கல் இரண்டு. சட்டை தோளில் நன்றாக ‘சிட்’ ஆகிறது என்பதை, ‘பொருந்துகிறது’ தவிர வேறு எப்படிச் சொல்வீர்கள்? நம் தையல்காரர்கள் என்ன சொல்வார்கள்? ஒரு முடிவு மனத்தில் சரியாக ‘சிட்’ ஆகவில்லை என்பதற்கு ‘மனசு ஒப்பவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அது கொஞ்சம் கூடிப்போகிறதோ?

சனிக்கிழமை வகுப்புக்குள் பதில் கிடைத்தால் நல்லது.