கணிதத்தில் 3 வந்ததால் லெவல் 3 எஞ்சினியரிங் கிடைக்கவில்லை: இனி என்ன வழி?

கிழக்கு லண்டன் அம்மா:
வணக்கம். மகனுக்கு 16 வயது. வியாழக்கிழமை ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை, 9 முதல் 1 வரை தரம், 9 தான் உச்சம்) பெறுபேறு வந்தது. ஆங்கில மொழி 5, விஞ்ஞானம் 4-4, மற்றப் பாடங்களும் பரவாயில்லை. கணிதம் மட்டும் 3. லெவல் 3 (ஏ லெவலுக்கு இணையான நிலை) எஞ்சினியரிங் படிக்க ஒரு காலேஜ் நிபந்தனையுடன் இடம் தந்திருந்தது. பெறுபேற்றைக் காட்டியதும், கணிதத்தில் 4 இல்லாமல் எடுக்க முடியாது, வேண்டுமானால் அதற்குக் கீழ்ப்படியான லெவல் 2-இல் சேரலாம் என்றார்கள். பிள்ளை நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கணிதத்தை ஃபங்ஷனல் ஸ்கில்ஸாக (அன்றாடப் பயன்பாட்டுக் கணிதத்துக்கான தனித் தகுதி) எடுத்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், உண்மையா? லெவல் 2-இல் ஒரு வருடம் போனால் கடைசி வருடத்துக்கு நாங்கள் பணம் கட்ட வேண்டி வருமா?

காலேஜ் கணித ஆசிரியர்:
அக்கா, முதலில் ஒன்று கேட்கிறேன். மகன் எழுதியது ஹையர் தாளா (கடினமானது), ஃபவுண்டேஷன் தாளா (எளிதானது)? எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் விஷயம்: 16 முதல் 18 வயதுக்குள் முழுநேரம் படிக்கும் பிள்ளைக்குக் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ 3 இருந்தால், அந்தப் பாடத்தை ஜிசிஎஸ்இ ஆகவேதான் தொடர வேண்டும். 2015-இல் வந்த விதி இது. அரசு காலேஜுக்குக் கொடுக்கும் பணமே இதில் தங்கியிருக்கிறது, அதனால் காலேஜ் நினைத்தாலும் மாற்ற முடியாது. 2 அல்லது அதற்குக் கீழே எடுத்த பிள்ளைகளுக்குத்தான் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற வழி உண்டு. உறவினர் சொன்னது அவர்களுக்குப் பொருந்தும், உங்கள் மகனுக்கு இல்லை.

கிழக்கு லண்டன் அம்மா:
ஹையர் தாள், தம்பி. பள்ளியில் கடைசி வரை ஹையரிலேயே வைத்திருந்தார்கள்.

காலேஜ் கணித ஆசிரியர்:
அப்படியென்றால் மனம் தளர வேண்டாம். ஹையர் தாளில் 9 முதல் 4 வரை தான் முறையான தரங்கள். 4-ஐ மயிரிழையில் தவறவிட்டவர்களுக்காக மட்டும் கீழே ஒரு சின்ன 3 வைத்திருக்கிறார்கள். ஹையரில் 3 என்றால் அவன் 4-க்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறான்.

பள்ளியிடம் மூன்று தாள்களின் மதிப்பெண்களையும் கேளுங்கள். ஏகியூஏ, எடெக்செல் என்ற இரண்டு பரீட்சை போர்டுகளிலும் தாளுக்கு 80, மொத்தம் 240. அந்த ஆண்டில் ஒவ்வொரு தரத்துக்கும் வேண்டிய குறைந்தபட்ச எல்லை மதிப்பெண் போர்டின் தளத்தில் இருக்கும். ஒன்றிரண்டு மதிப்பெண்தான் குறைவு என்றால் பள்ளி மூலமாக மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் குறையவும் கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். தரம் மாறினால் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள்.

அது சரிவராவிட்டால் நவம்பரில் மறுபடி எழுதலாம். கணிதமும் ஆங்கில மொழியும் மட்டும்தான் அப்போது நடக்கும், பெறுபேறு ஜனவரியில் வரும். எல்லா காலேஜும் எல்லாப் பிள்ளைகளையும் நவம்பருக்கு அனுப்பாது. ஆகவே சேரும் நாளிலேயே, ஹையரில் 3 எடுத்தவன், நவம்பருக்குப் பெயர் கொடுங்கள் என்று சொல்லுங்கள். பெரும்பாலான காலேஜ்களில் ஃபவுண்டேஷன் தாள்தான் எழுத வைப்பார்கள். அதில் உச்சம் 5, உங்களுக்கு 4 போதும். கேள்விகள் எளிது, ஆனால் 4-க்கு ஏறத்தாழ 60 விழுக்காடு எடுக்க வேண்டியிருக்கும். ஹையரில் கால்வாசிக்கும் குறைவாக எடுத்தாலே 4 கிடைத்துவிடும். ஃபவுண்டேஷன் எளிது என்று அசட்டையாக இருந்து வழுக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பின்னம், விகிதம், விழுக்காடு மூன்றையும் கல்குலேட்டர் இல்லாமல் செய்து பழகட்டும். முதல் தாளில் கல்குலேட்டர் கிடையாது.

க்ராய்டன் அண்ணா:
பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லெவல் 2 ஒரு வருடம், பிறகு லெவல் 3 இரண்டு வருடம். கடைசி வருடம் தொடங்கும்போது மகனுக்கு 18 தான் இருக்கும், தொடங்கும்போது 19 ஆகாதிருந்தால் கட்டணம் இல்லை. அங்கீகரித்த முழுநேரப் படிப்பில் இருந்தால் சைல்ட் பெனிஃபிட்டும் (பிள்ளைக்காக அரசு பெற்றோருக்குத் தரும் உதவித்தொகை) 20 வயது வரை வரும், ஆனால் படிப்பு தொடர்கிறது என்று நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரே காலேஜோடு நின்றுவிடாதீர்கள். ஓரிடத்தில் கணிதம் 4 கட்டாயம், இன்னோரிடத்தில் 5 கேட்பார்கள், வேறோரிடத்தில் 3 இருந்தாலும் லெவல் 3-இல் எடுத்துக் கணிதத்தைக் கூடவே படிக்க விடுவார்கள். கணிதத்தைத் தொடர வேண்டும் என்பது அரசின் விதி. சேர்க்கைக்கு 4 வேண்டும் என்பது அந்தந்த காலேஜ், அந்தந்தப் பாடத்தின் முடிவு. எஞ்சினியரிங்கில் கடுமையாக இருப்பார்கள், இருந்தாலும் இந்த வாரமே இரண்டு மூன்று இடத்தில் கதைத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணச் சித்தி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அக்காவின் மகள் இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து சில மாதம், வயது 17. ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) கணிதம் பி, ஆங்கிலம் சி. காலேஜில் இது செல்லுமா?

காலேஜ் கணித ஆசிரியர்:
சித்தி, பெறுபேற்றுச் சான்றிதழின் மூலப் பிரதியோடு போங்கள். வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிட்டுச் சொல்ல யூகே எனிக் என்ற அமைப்பு இருக்கிறது. அவர்களின் கடிதத்துக்குக் கட்டணம் உண்டு, ஆகவே காலேஜ் கேட்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பியுங்கள். கணிதத்தை ஏற்றாலும், ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் தாங்களே ஒரு பரீட்சை வைப்பார்கள். அதைப் பார்த்து ஈசோல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கிலம்) வகுப்பா, ஜிசிஎஸ்இ-யா என்று முடிவாகும். முதலில் ஈசோல் என்றார்கள் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள், அங்கிருந்து நர்சிங் வரை போன பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். நர்சிங்குக்குப் பல பல்கலைக்கழகங்கள் பின்னர் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் 4 கேட்கும், அதையும் மனதில் வையுங்கள்.

கிழக்கு லண்டன் அம்மா:
பள்ளியில் கேட்டுவிட்டேன், தம்பி. எல்லைக்கு ஆறு மதிப்பெண் குறைவு. மறுமதிப்பீட்டில் இவ்வளவு ஏறுமா?

காலேஜ் கணித ஆசிரியர்:
ஆறு ஏறுவது கடினம், அக்கா. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு நவம்பருக்குத் தயார்படுத்துங்கள். லெவல் 2-இல் இடத்தை இப்போதே உறுதிசெய்யுங்கள், வேறு காலேஜ் லெவல் 3 தந்தால் மாறிக்கொள்ளலாம். நவம்பரில் 4 எடுத்தாலும் ஜனவரியில் லெவல் 3-க்கு மாற்ற மாட்டார்கள், அடுத்த செப்டம்பரில்தான். ஆனால் அதன் பிறகு கணித வகுப்பு இல்லை, முழு நேரமும் எஞ்சினியரிங்குக்குக் கிடைக்கும். சேரும் நாளில் கணிதப் பொறுப்பாளரின் மின்னஞ்சலை வாங்கி, நவம்பர் பெயர்ப் பதிவை எழுத்தில் கேளுங்கள். அக்டோபர் பிறந்தால் நேரம் இருக்காது.