பிள்ளைகளுக்குப் பல் சொத்தை, ஃப்ளோரைடு பேஸ்ட்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

பல்லடம் அம்மா:

எங்கள் வீதியில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். ராத்திரி ஷிஃப்ட் இருக்கிற வீடுகளில், குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று சர்க்கரை போட்ட பாலை பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டரை வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறு வரைக்கும் கரைந்து பழுப்பாகிவிட்டன. கீழ்வரிசைப் பல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அவனை டாக்டரிடம் கூட்டிப்போனபோது நானும் கூடப் போனேன். பாட்டில் உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்ளும், மேல்பல்தான் விடிய விடிய பாலில் ஊறும் என்று டாக்டர் விளக்கினார். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் கழுவிவிடவும் வழியில்லையாம்.

ஃப்ளோரைடு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் அவனுடைய அம்மிச்சி ஒரே பிடியாகத் தடுத்துவிட்டார். அவர் தர்மபுரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். "ஃப்ளோரைடாலதான் எங்க ஊர்ச் சனத்துக்குப் பல்லெல்லாம் காவியேறிக் கெடக்குது. அதையே காசு குடுத்து வாங்கிப் பச்சப் புள்ள வாயில தேய்க்கறதா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மகளுக்கும் இப்போதுதான் பல் வருகிறது. இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை பல் டாக்டர்:

அந்த அம்மிச்சி சொல்வதும் உண்மை, டாக்டர் எழுதியதும் சரி. குழந்தைகள் பல்லையே பார்த்துக்கொண்டிருப்பவள் நான். என்னிடம் அதிகம் வருகிற கேள்வியும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முளைத்து வெளியே நிற்கிற பல்லின் மேல் ஃப்ளோரைடு பட்டால் பல்லுக்கு நல்லது. நாம் சாப்பிடும் இனிப்பைத் தின்று வாயிலுள்ள கிருமிகள் அமிலம் உண்டாக்கும். அந்த அமிலம் பல்லின் வெளி ஓடான எனாமலில் இருக்கும் கால்சியத்தைக் கரைக்கும். எச்சில் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இந்தப் போக்குவரத்தில் ஃப்ளோரைடு கொஞ்சம் இருந்தால், கரைந்த இடம் சீக்கிரம் இறுகும், மறுபடி அமிலத்துக்கு எளிதில் மசியாது. ஆனால் அதே ஃப்ளோரைடு அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போனால், தாடைக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற பல்லைக் கெடுத்துவிடும். இரண்டு வயதுக் குழந்தையின் ஈறுக்குள்ளே நிரந்தரப் பற்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த வயதில் தினமும் அதிகமாக உள்ளே போனால், ஏழெட்டு வயதில் அந்தப் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டோ காவிக் கறையோ இருக்கும். தர்மபுரிப் பக்கம் நடந்தது பேஸ்டால் இல்லை. ஃப்ளோரைடு அதிகமுள்ள ஆழ்குழாய்த் தண்ணீரைப் பிறந்தது முதல் குடித்ததால் வந்தது அது.

இந்த இரண்டு குணமும் ஒரே இடத்தில்தான் தெரியவந்தன. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901இல் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் போனார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பல்லெல்லாம் பழுப்பு, ஆனால் சொத்தை குறைவு. காரணம் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு என்று உறுதியாக 1931 ஆகிவிட்டது. நம்முடைய பழைய சென்னை மாகாணத்திலும் நெல்லூர்ப் பக்கம் தண்ணீரால் எலும்பு வரை பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1937இலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே எல்லாம் அளவில்தான் இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி பேஸ்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு, அதாவது ஒரு கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராமுக்கு, மேல் போகக்கூடாது, எவ்வளவு என்று டியூபில் அச்சிடவும் வேண்டும். வாங்கும்போது அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். குழந்தைப் படம் போட்டு விற்கிற சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. முதல் பல் முளைத்த நாளிலிருந்து மூன்று வயது வரை 1000 பிபிஎம் பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும். அதில் இருப்பது ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் ஃப்ளோரைடு. முழுக்க விழுங்கினாலும் பயமில்லை. மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிநெளியாகப் பிதுக்குகிறார்களே, அதைக் குழந்தைக்குச் செய்யவே கூடாது.

தேய்த்த பிறகு துப்பச் சொல்லுங்கள். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், கொப்பளித்தால் பல்லில் ஒட்டியிருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும். காலையில் ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை. ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான். ஏழெட்டு வயது வரைக்கும் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். பிள்ளை தானே தேய்க்கிறேன் என்றால் ஆசைக்கு விடுங்கள், அப்புறம் வாங்கி நீங்கள் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

பல்லடம் அம்மாவுக்கு இன்னொன்று. மகளை வெளிச்சத்தில் மடியில் படுக்கவைத்து மேலுதட்டை மெதுவாகத் தூக்குங்கள். சுத்தமான துணியால் பல்லை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, ஈறும் பல்லும் சேருகிற இடத்தைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பு தடவினது போல மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். குழி விழுவதற்கு முந்திய கட்டம் அது. அப்போதே பாட்டிலை நிறுத்தி, பேஸ்டும், டாக்டர் பல்லில் பூசிவிடுகிற ஃப்ளோரைடு வார்னிஷும் பயன்படுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்க்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டால், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் வீங்கின கன்னத்தோடு என் முன்னால் உட்கார்ந்து அழ வேண்டியிருக்காது.

சேலம் மாவட்டத்து டீச்சர்:

டாக்டர் சொன்ன தண்ணீர் விஷயத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு ஊருக்குள்ளிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், தள்ளியிருக்கிற காட்டுவளவிலிருந்தும் வருகிறார்கள். காட்டுவளவுப் பிள்ளைகளுக்கு மட்டும் முன்பல்லில் குறுக்கே பழுப்பு வரி. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண், நன்றாகப் பாடுவாள், ஆனால் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். பல் விளக்குவதில்லை என்று மற்றவர்கள் கேலி செய்ததில், அடுப்புக்கரியும் செங்கல் தூளும் போட்டு ஈறிலிருந்து ரத்தம் வரும்வரை தேய்த்திருக்கிறாள். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் காவிரிக் குழாய், காட்டுவளவில் ஆழ்குழாய். வித்தியாசம் அது ஒன்றுதான். அந்தத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தோம். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு என்று முடிவு வந்தது. 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டு அளவு.

பெற்றோர் கூட்டத்தில் சொன்னதும் ஒருவர், "கொதிக்க வெச்சுத்தானுங்க டீச்சர் குடிக்கறோம்" என்றார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். இப்போது குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஊர்க் குழாயிலிருந்து வண்டியில் குடம் வைத்து எடுத்துப் போகிறார்கள். குளிக்க, மாட்டுக்கு, துணிக்கு அதே ஆழ்குழாய்த் தண்ணீர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு இதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013இல் தண்ணீர் விட்டார்கள். மற்ற மாவட்டங்களில் எட்டாக் கையில் கிடக்கிற வளவுகளை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு வந்த கறை இனித் தேய்த்தால் போகாது, அது பல்லோடு உருவானது. பெரியவளானதும் பல் டாக்டரிடம் சரிசெய்து கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குப் பின்னால் பிறந்த தம்பிக்கு இப்போது காவிரித் தண்ணீர்.

கோவை பல் டாக்டர்:

டீச்சருக்கு என் கும்பிடு. இப்படி ஃப்ளோரைடு ஏறின தண்ணீர் இருக்கிற வளவுகளில், தண்ணீர் மாறும்வரை சின்னக் குழந்தைக்கு எந்த பேஸ்ட் என்பதை நேரில் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். கறை இருக்கிற பல்லுக்குச் சொத்தை வராது என்றும் நினைக்க வேண்டாம். கடுமையாகப் பாதித்த பல்லில் எனாமல் பெயர்ந்து குழியாகி அங்கேயே சொத்தை பிடிக்கும். சிறுவாணி, பில்லூர், காவிரி என்று ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற வீடுகளில் ஃப்ளோரைடு பொதுவாகக் குறைவுதான், ஆர்ஓ வைத்திருந்தால் இன்னும் குறைவு. அவர்கள் பேஸ்டை விடவே கூடாது.

கவுந்தப்பாடி ஆத்தா:

பேத்தி தட்டித் தர்றாங்க, நான் சொல்றனுங்க. எங்கள் குடும்பமே கரும்பாலையில் பிழைத்தது. எங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. வெள்ளைச் சர்க்கரைதான் பல்லைக் கெடுக்கும், நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துப் பல் முகாமில் கேட்டேன். கிருமிக்கு இரண்டும் ஒன்றுதானாம், கருப்பட்டியும் தேனும் கூட அப்படித்தானாம். எங்கள் சரக்கென்பதற்காக உண்மையை மறைக்க முடியுங்களா?

இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம் என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னார். ஒவ்வொரு தடவைக்கும் அரைமணி நேரமாவது பல் அமிலத்தில் கிடக்குமாம். அதனால் சந்தகைக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும், பண்டிகைக்குக் கச்சாயமும் ஒப்புட்டும், சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுக்கிறோம். நடுவில் பசித்தால் அவித்த நிலக்கடலை, கொய்யாக்காய், மோர். மிட்டாயும் க்ரீம் பிஸ்கட்டும் பையில் போட்டு நாளெல்லாம் மெல்லுகிற வேலை இல்லை. பல்லில் ஒட்டுகிற ரஸ்க், பன் எல்லாமும் அதே கணக்குத்தான் கண்ணு.

பொள்ளாச்சி அப்பா:

பெரியவனுக்கு ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் வந்தது. எந்தப் பல்லும் விழாமல் முளைத்ததால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதையும் பால்பல் என்றார்கள். அதுதான் ஆயுசுக்கும் இருக்கப்போகிற பல்லாம். மேலே ஆழமான வரிப்பள்ளங்கள் இருந்ததால் டாக்டர் அதில் சீலன்ட் பூசி அடைத்தார். ஊசி இல்லை, துளைப்பதும் இல்லை.

சின்னவளுக்குப் பின்பல்லில் சொத்தை வந்துவிட்டது. உட்கார்ந்து சிகிச்சை செய்துகொள்கிற வயதில்லை. வெள்ளி கலந்த ஒரு ஃப்ளோரைடு மருந்தைச் சொட்டு வைத்துத் தடவினார்கள். சொத்தை அப்படியே நின்றது, ஆனால் அந்த இடம் கறுத்துவிட்டது. முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். சொந்தக்காரர்கள் "ஏன் பல்லு கறுத்துப் போச்சு" என்று கேட்கிறார்கள். வலியில்லாமல் களி தின்கிறாளே, எனக்கு அது போதும். பால்பல்தானே, விழப்போவதுதானே என்று விடவும் மனசில்லை. பின்பக்கப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியது.

பல்லடம் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. டாக்டர் சொன்னதை அந்த அம்மிச்சியிடம் வாசித்துக் காட்டினேன். "அரிசி அளவா? அப்பச் சரி" என்றார். பாட்டிலுக்குப் பதில் டம்ளர் பழக்குகிறார்கள். கடைசியாக ஒன்று: பழ வாசனை பேஸ்டைக் குழந்தை எடுத்துத் தின்றுவிட்டால் என்ன செய்வது?

கோவை பல் டாக்டர்:

கொஞ்சம் நக்கியிருந்தால் பால் கொடுங்கள், பாலிலுள்ள கால்சியம் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுவலி, குமட்டல் இருக்கிறதா என்று கவனியுங்கள். நிறையத் தின்றிருந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். 1000 பிபிஎம் பேஸ்ட் 100 கிராம் டியூபில் 100 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது. உடல் எடை கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது அவசர சிகிச்சை தேவைப்படுகிற அளவு. பத்துக் கிலோ குழந்தைக்கு அரை டியூபே அந்த அளவைத் தொட்டுவிடும். பேஸ்டை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், பிரஷ்ஷில் வைப்பது எப்போதும் பெரியவர்கள் கையாக இருக்கட்டும்.