காசு சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் கொண்டுவந்த காசுகள்: பார்த்ததைச் சொல்லுங்கள்

செப்புக்காசு:
எட்டாவது படிக்கும் பையன் நீட்டிய ஓட்டைக் காலணா. 1943-ஆம் வருஷத்தது. புளியில் ஊறவைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி மினுக்கிக் கொண்டுவந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பத்து மடங்கு லென்ஸை வைத்தால் கிரீடத்தின் குறுக்கே ஒரே வாக்கில் மயிரிழைக் கீறல்கள். நிறமும் செம்பு நிறமாக இல்லை, ஆறின புண்ணின் தோல் மாதிரி வெளிர் ரோஸ்.

அவன் தேய்த்து எடுத்த பழுப்பு அழுக்கே அல்ல. எண்பது வருஷமாகச் செம்பின்மேல் படிந்த ஆக்ஸைடு, காசுக்கு அதுதான் காப்பு. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும், சாம்பல் அடியில் உள்ள உலோகத்தைச் சுரண்டும். ஒரு மழைக்காலம் தாண்டினால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். போன நிறம் போனதுதான். மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, மூன்று நாலு நாள் விடுங்கள். பிறகு மெத்தென்ற பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்க வேண்டாம்.

தராசு:
புளியைச் சொல்கிறீர்கள் சார், ஆல்பத்தை விட்டுவிட்டீர்களே. 1982 ஆசிய விளையாட்டு இரண்டு ரூபாய், ஒரு பெண் பிள்ளையின் ஆல்பத்தில். உறையோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது 'சளக்'கென்று பிரிந்தது. பின்பக்கம் முழுக்கப் பச்சைப் பசை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் அது பி.வி.சி. உறை. வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்த்த எண்ணெய் நம் ஊர் வெயிலில் கசியும். செம்பு, செம்பு-நிக்கல் காசுகளை முதலில் தின்னும். பசை புதுசாக இருந்தால் சுத்தமான அசிட்டோனில் அலசினால் போகும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல், பெரியவர் யாராவது செய்ய வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும்.

வாங்க வேண்டியது மைலார் என்ற கண்ணாடி மாதிரித் தாள் ஒட்டிய இரண்டு அங்குலச் சதுர அட்டை. காசை வைத்து மடித்து நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடியுங்கள். ஸ்டேப்ளர் பின்னின் முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள். முனை நசுங்காத ஸ்டேப்ளர் பின் அடுத்த அட்டையின் மைலாரைக் கிழித்து உள்ளே இருக்கும் காசையும் கீறும். வெள்ளிக் காசுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் கோடு கோடாகக் கறுக்கவைக்கும்.

கரூரான்:
1862 விக்டோரியா ரூபாய், சந்தையில் வாங்கியதாம். தராசில் 9.8 கிராம். வாங்கிய தம்பிக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை.

ராணி ரூபாய் 11.66 கிராம். தேய்ந்திருந்தாலும் கொஞ்சம்தான் குறையும், கிட்டத்தட்ட இரண்டு கிராம் குறைய வழியே இல்லை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு. எழுத்துகளுக்கு நடுவே ஊசிமுனைக் குழிகள். அச்சடித்த காசில் இரண்டும் இருக்காது. 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு இல்லாமல் வெள்ளி பக்கமே போகாதீர்கள்.

காந்தம் ஒட்டினால் போலி என்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். ராணி ரூபாய்க்கு அது சரி. 1947 ரூபாய் நிக்கல், அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

இன்னொன்று. அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசு என்று யாராவது நீட்டினால் பிள்ளைகள் கை நீட்ட வேண்டாம். 1878 புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

நாலணா:
வைஷ்ணவ தேவி காசை மறந்துவிட்டீர்களா! 2012-இல் வந்த சாதாரண அஞ்சு ரூபாய், பத்து ரூபாய். 'பத்து லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பு' என்று போன். பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை அம்மாவின் போனிலிருந்து பணம் அனுப்பப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா பிடுங்கிவிட்டார். ரிசர்வ் வங்கி இந்த மாதிரி மோசடியைப் பற்றி 2021 ஆகஸ்டில் எச்சரித்தே இருக்கிறது. காசை வாங்குகிறவன் உங்களிடம் எதற்குக் கட்டணம் கேட்கிறான்?

ஆரக்கால்:
எல்லாரும் பயமுறுத்தியே பிள்ளையை ஓட்டிவிடுவீர்கள் போல. செப்புக்காசு அண்ணே, காசைத் தொடவே கூடாது என்று பிள்ளை நினைத்துவிட்டால் அப்புறம் எதற்குச் சேர்ப்பது? விளிம்பைப் பிடித்து, கீழே துணி விரித்து, தாராளமாகப் பார்க்கட்டும்.

விக்டோரியாவில் ஆரம்பிப்பதுதான் தப்பு. காண்டாமிருகப் படம் போட்ட நாலணாவில், அதாவது 25 பைசாவில் ஆரம்பியுங்கள். 1988 முதல் 2002 வரை அடித்த எஃகுக் காசு. 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று ஆனதால் பாட்டிமார் சுருக்குப்பையிலும் சாமி உண்டியலிலும் தூங்குகிறது. வருஷத்துக்குக் கீழே, காசு அடித்த ஆலையின் குறியைப் பாருங்கள்: மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கல்கத்தாவுக்கு ஒன்றும் கிடையாது. வருஷம் ஒரு வரிசை, ஆலை ஒரு வரிசை என்று நோட்டில் கட்டம் போட்டு நிரப்புங்கள். எந்தக் கட்டம் காலி என்று பார்த்துத் தேடும்போதுதான் ருசி பிடிக்கும். கூடவே எங்கே கிடைத்தது, என்ன கொடுத்தோம் என்பதையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஞாபகம் இருக்காது. முப்பது மடங்கு லென்ஸுக்குக் காசு கொட்ட வேண்டாம், அதில் காசின் ஒரு மூலைதான் தெரியும். பத்து மடங்கு போதும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, சாய்வாக வரட்டும்.

தராசு:
ஆரக்கால், தேய்ந்த ஹைதராபாத் நட்சத்திரத்தை நொய்டாப் புள்ளி என்று எழுதிவைத்த நோட்டு எத்தனை! காசை மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி எந்தக் கோணத்திலும் வட்டம்தான். நட்சத்திரம் தேய்ந்திருந்தாலும் பெரும்பாலும் ஒரு முனையாவது நிழல் காட்டும்.